துபாய் வேலை கிடைச்சாச்சு... பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது? ஒடுகத்தூரிலிருந்து கிளம்பும் குடும்பத்தின் கணக்கு

வெள்ளிக்கிழமை விடிகாலையில் ஒடுகத்தூரில் ஆட்டுச் சந்தை கூடும். ஜவ்வாது மலைப்பக்கம் இருந்தும் சுற்றுக் கிராமங்களில் இருந்தும் ஆடுகளை ஓட்டிக்கொண்டு வருவார்கள். வளைகுடாவில் வேலை பார்க்கும் மகனோ மருமகனோ வீடியோ காலில் வருவதும் பல வீடுகளில் அதே வெள்ளிக்கிழமைதான். ஒரு காலத்தில் அங்கே வெள்ளி விடுமுறை. அமீரக அரசு 2022 ஜனவரியில் வார விடுமுறையை சனி, ஞாயிறுக்கு மாற்றிய பிறகும் அந்தப் பழக்கம் பல வீடுகளில் மாறவில்லை.

அப்படி ஒரு வீட்டைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். கணவர் துபாயில் ஏசி பராமரிப்பு நிறுவனத்தில் சூப்பர்வைசர். மனைவி லேப் டெக்னீஷியன். இப்போதுதான் அங்கே ஒரு மருத்துவமனையில் வேலை உறுதியாகியிருக்கிறது. மகள் ஒடுகத்தூரிலேயே மூன்றாம் வகுப்பு முடித்திருக்கிறாள். இதுவரை ஆயா வீட்டில் வளர்ந்தவள். "புள்ளைய இங்கயே விட்டுட்டுப் போங்க, நான் பாத்துக்கறேன்" என்கிறார் ஆயா. "அங்க இண்டர்நேஷனல் ஸ்கூல்ல படிச்சா பின்னாடி அவளுக்கு நல்லதுதானேம்மா?" என்கிறார் மகன்.

இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் 'இண்டர்நேஷனல் ஸ்கூல்' என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவதில்தான் சிக்கல். அந்த வார்த்தைக்குள் நாலைந்து விதமான பள்ளிகள் இருக்கின்றன. எதைத் தேர்ந்தெடுக்கிறோமோ அதைப் பொறுத்து, பத்து வருஷம் கழித்து அந்தப் பெண் கல்லூரி வாசலில் நிற்கும்போது சில கதவுகள் திறந்திருக்கும், சில கதவுகள் மூடியிருக்கும்.

பள்ளிக்கு முன்னால் விசா

பள்ளிகளின் வெப்சைட்டைத் திறப்பதற்கு முன் பார்க்க வேண்டியது, குடும்பத்தை அழைத்துப்போக முடியுமா என்பது. அமீரகத்தில் மனைவி, பிள்ளைகளை ஸ்பான்சர் செய்ய மாதச் சம்பளம் குறைந்தது 4,000 திர்ஹாம் இருக்க வேண்டும். அல்லது 3,000 திர்ஹாமும் தங்குமிடமும். இது நுழைவுச்சீட்டு மட்டும்தான். 4,000 திர்ஹாமில் வாடகையும் கொடுத்துப் பள்ளிக் கட்டணமும் கட்ட முடியாது என்பது அங்கே இருக்கும் எல்லோருக்கும் தெரியும்.

சவூதியில் வேறு கதை. 2017 ஜூலையில் அங்கே, உடன் தங்கும் குடும்ப உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் மாதம் 100 ரியால் என்று ஒரு கட்டணம் வந்தது. ஆண்டுதோறும் 100 ரியால் கூடி, 2020-ல் 400 ரியாலைத் தொட்டது. மனைவியும் இரண்டு பிள்ளைகளும் என்றால் ஆண்டுக்கு 14,400 ரியால். பிள்ளை பள்ளி வாசலை மிதிப்பதற்கு முன்பே இவ்வளவு. அந்த வருஷங்களில் எத்தனையோ குடும்பங்கள் ஊர் திரும்பியதும், அப்பா மட்டும் அங்கேயே பேச்சிலர் ரூமுக்கு மாறியதும் இதனால்தான். பள்ளியை மாற்றியது கல்வித்தரம் அல்ல, ஒரு கட்டண ரசீது.

'இண்டர்நேஷனல்' வந்த வழி

வெளியூரில் வேலை பார்க்கும் பெற்றோருக்கு வரும் இந்தக் குழப்பம் புதியது அல்ல. வேலூர்ப் பக்கத்திலேயே பழைய உதாரணம் இருக்கிறது, ஆனால் தலைகீழாக. ஐடா ஸ்கடர் 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்த அமெரிக்க மிஷனரி குடும்பத்துப் பெண். பெற்றோர் இங்கே பணியில் இருக்க, அவர் அமெரிக்காவில் விடப்பட்டு, மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நார்த்ஃபீல்டில் பெண்கள் பள்ளியில் படித்தார். பிறகு டாக்டராகித் திரும்பி வந்து வேலூர் சி.எம்.சி.யைத் தொடங்கினார் என்பது ஊருக்கே தெரிந்த வரலாறு. அதற்குள் மறைந்திருக்கும் சின்ன வரலாறு, அப்பா அம்மா ஒரு கண்டத்தில், படிக்கிற பிள்ளை இன்னொரு கண்டத்தில் என்பது.

அந்தப் பிரிவைத் தவிர்க்கத்தான் தென்னிந்தியாவில் இருந்த அமெரிக்க மிஷனரிகள் தங்கள் பிள்ளைகளுக்காக 1901-ல் கொடைக்கானலில் ஒரு பள்ளியைத் தொடங்கினார்கள். அதுதான் இன்றைய கொடைக்கானல் இண்டர்நேஷனல் ஸ்கூல். 1976-ல் இந்தியாவிலேயே முதன்முதலாக ஐ.பி. படிப்பைக் கொண்டுவந்த பள்ளியும் அதுவே. ஐரோப்பாவில் 1924-ல் ஜெனீவாவில் தொடங்கிய பன்னாட்டுப் பள்ளியும் இதே மாதிரிதான். உலக நாடுகள் சங்கத்திலும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பிலும் வேலை பார்க்க வந்தவர்களின் பிள்ளைகள் எங்கே படிப்பது என்ற கேள்விக்கு அது பதில்.

ஆக, இண்டர்நேஷனல் ஸ்கூலின் ஆதிப் பயன் ஒன்றே ஒன்று: அப்பாவுக்கோ அம்மாவுக்கோ நாடு மாறினாலும் பிள்ளையின் படிப்பு அறுந்துபோகக் கூடாது. இன்று அந்த வார்த்தை பெயர்ப்பலகை அலங்காரமாகிவிட்டது. தமிழ்நாட்டில் சிறு நகரங்களில் கூட 'இண்டர்நேஷனல்' பள்ளிகள் இருக்கின்றன; உள்ளே போய்ப் பார்த்தால் பலதில் நடப்பது சி.பி.எஸ்.இ. அதில் தவறில்லை. ஆனால் பெயரை வைத்து முடிவெடுக்கக் கூடாது. "எந்த போர்டு? பத்தாவது, பன்னிரண்டாவது சர்டிபிகேட்டில் யார் கையெழுத்துப் போடுவார்கள்?" என்று கேட்டால் போதும், பலகையின் மினுமினுப்பு அடங்கிவிடும்.

உள்ளே என்னதான் இருக்கிறது?

ஒடுகத்தூர் குடும்பத்துக்கு துபாயில் கண்ணில் படப்போவது பெரும்பாலும் மூன்று வகை.

முதலாவது சி.பி.எஸ்.இ. இந்தியாவுக்கு வெளியே 25-க்கும் மேற்பட்ட நாடுகளில் 200-க்கும் மேற்பட்ட பள்ளிகள் இந்த வாரியத்தில் இணைந்திருக்கின்றன; பெரும்பகுதி வளைகுடாவில். துபாயின் இந்தியன் ஹை ஸ்கூல் 1961-லிருந்து நடக்கிறது. சவூதியில் ரியாத், ஜித்தா, தம்மாம் போன்ற நகரங்களில் இந்தியத் தூதரகத்தின் ஆதரவில் பெற்றோர் குழு நிர்வகிக்கும் இந்தியப் பள்ளிகள் உண்டு. என்.சி.இ.ஆர்.டி. புத்தகம், ஏப்ரலில் தொடங்கும் கல்வியாண்டு, ஊரில் படிக்கிற பிள்ளை படிக்கிற அதே பாடம். கட்டணமும் மற்றவற்றைவிடக் குறைவு. குறை என்றால், வகுப்பில் கூட்டம் அதிகம். சில ஊர்களில் இடம் போதாமல் காலை ஷிஃப்ட், மதிய ஷிஃப்ட் என்று ஓட்டுகிறார்கள். அமீரகத்தில் குறிப்பிட்ட வகுப்பு வரை அரபு மொழிப் பாடமும் கட்டாயம். புதிதாக வரும் பிள்ளை அதைப் பார்த்து மிரளத்தான் செய்யும். ஒரு வருஷத்தில் பழகிவிடும்.

இரண்டாவது பிரிட்டிஷ் வழி, அதாவது கேம்பிரிட்ஜ் போன்ற தேர்வு அமைப்புகள். பத்தாம் வகுப்பு அளவுக்கு ஐ.ஜி.சி.எஸ்.இ., அதற்கு மேல் ஏ லெவல். ஐ.ஜி.சி.எஸ்.இ. முதல் தேர்வு நடந்தது 1988-ல். பாடங்களைத் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கலாம் என்பது இதன் பலம். எதைத் தேர்ந்தெடுப்பது என்று தெரியாமல் தேர்ந்தெடுத்தால் அதுவே பலவீனம்.

மூன்றாவது ஐ.பி. 1968-ல் ஜெனீவாவில் உருவான அமைப்பு. சிறுவர்களுக்கு ஒன்று, நடு வகுப்புகளுக்கு ஒன்று, 16 வயதுக்கு மேல் டிப்ளமா என்று அடுக்குகள். டிப்ளமாவில் ஆறு பாடம், அதோடு 4,000 சொல் ஆய்வுக் கட்டுரை, அறிவுக் கோட்பாடு, சமூகப் பணி எல்லாம் சேர்ந்து மொத்தம் 45 புள்ளி. தேற 24 வேண்டும். கேள்வி கேட்கவும் எழுதவும் பழக்குகிற நல்ல படிப்பு. விலையும் அதற்கேற்ப. ஐரோப்பா, அமெரிக்கா, சிங்கப்பூர் என்று கல்லூரிக்குப் போகிற திட்டம் இருந்தால் ரொம்பப் பொருத்தம். "நீட் எழுதி வேலூரிலேயே டாக்டருக்குப் படிக்கணும்" என்பது கனவாக இருந்தால் இரண்டு முறை யோசிக்க வேண்டும். ஏன் என்று பிறகு பார்ப்போம்.

சில நாடுகளில் இந்தக் கேள்வியே வேண்டாம்

வளைகுடாவில் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளிதான் பெரும்பாலும் வழி. அதனால் அந்த அனுபவத்தை மற்ற நாடுகளுக்கும் பொருத்திப் பார்த்து, "லண்டன்ல இண்டர்நேஷனல் ஸ்கூல் ஃபீஸ் எவ்வளவு?" என்று பதறுகிறவர்கள் உண்டு. பிரிட்டனில் ஸ்கில்டு ஒர்க்கர் விசாவில் இருப்பவரின் பிள்ளை அரசுப் பள்ளியில் கட்டணமின்றிப் படிக்கலாம். அமெரிக்காவில் எச்-4 விசாவில் இருக்கும் பிள்ளைக்கும், குடியிருக்கும் பகுதியின் பப்ளிக் ஸ்கூல் இலவசம். அங்கே பள்ளியைத் தேர்ந்தெடுப்பது என்றால் வாடகை வீட்டைத் தேர்ந்தெடுப்பது என்று அர்த்தம். ஜெர்மனியிலும் அரசுப் பள்ளி இலவசம். பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்க அனுமதி இல்லை. ஆனால் அங்கே பல மாநிலங்களில் நான்காம் வகுப்பு முடிந்ததுமே பிள்ளைகளை வெவ்வேறு வகைப் பள்ளிகளுக்குப் பிரித்துவிடுகிறார்கள். ஒன்பது வயதில் ஜெர்மன் மொழியே தெரியாமல் போய் இறங்கும் பிள்ளைக்கு அது கடினமான நேரம். ஆறு வயதில் போகிற பிள்ளைக்கு அவ்வளவு கஷ்டம் இல்லை.

சிங்கப்பூர் நடுவாந்திரம். அங்கே தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று, அரசுப் பள்ளியிலேயே தாய்மொழிப் பாடமாகத் தமிழ் படிக்கலாம். நம்மவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும் என்று தோன்றும். ஆனால் முதல் வகுப்புச் சேர்க்கையில் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் பிறகுதான் வெளிநாட்டுப் பிள்ளைகளின் முறை. மேல் வகுப்புகளுக்கு ஆங்கிலமும் கணக்கும் கொண்ட ஏ.இ.ஐ.எஸ். நுழைவுத் தேர்வு. கட்டணமும் உள்ளூர்ப் பிள்ளைகளைவிடப் பல மடங்கு. அதனால்தான் அங்கே சி.பி.எஸ்.இ., கேம்பிரிட்ஜ், ஐ.பி. மூன்றையும் ஒரே கூரையில் நடத்தும் இந்தியப் பள்ளிகளுக்குக் கிராக்கி. டோக்கியோவில் நிஷி-கசாய் பகுதியில் ஐ.டி. குடும்பங்கள் குவிந்ததும், அந்த ஊரில் இந்தியப் பள்ளிகள் தொடங்கப்பட்டதும் ஏறத்தாழ இதே காரணத்தால்: இரண்டு மூன்று வருஷத்தில் திரும்பப் போகிறவர்களுக்கு ஜப்பானிய மொழிப் பள்ளி ஒத்துவராது.

ஆஃபர் லெட்டரில் ஒரு வரி

துபாய்க்கு வருவோம். பள்ளிக் கட்டணம் ஆண்டுக்குச் சில ஆயிரம் திர்ஹாமில் தொடங்கி, பெரிய ஐ.பி., பிரிட்டிஷ் பள்ளிகளில் ஒரு லட்சம் திர்ஹாமையும் தாண்டும். நடுத்தர இந்தியப் பள்ளி ஒன்றில் கட்டணம் 12,000, பஸ் 4,500, புத்தகம், சீருடை, இதர செலவு 1,500 என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். மொத்தம் 18,000 திர்ஹாம், மாதத்துக்கு 1,500. ஒரு திர்ஹாம் 24 ரூபாய் என்று போட்டால் ஆண்டுக்கு 4,32,000 ரூபாய். ஒரு பிள்ளைக்கு இது. இரண்டாவது பிள்ளை பிறந்தால் இரட்டிப்பு. மேல் வகுப்புக்குப் போகப் போகக் கட்டணமும் ஏறும் என்பதைப் பலர் கணக்கில் எடுப்பதே இல்லை. முதல் வகுப்புக் கட்டணத்தைப் பார்த்துச் சேர்த்துவிட்டு ஒன்பதாம் வகுப்பில் முழிக்கிறார்கள்.

இதற்கு மருந்து ஆஃபர் லெட்டரில் இருக்கிறது. கையெழுத்துப் போடுவதற்கு முன் கல்விப்படி உண்டா என்று கேட்க வேண்டும். உண்டு என்றால், எத்தனை பிள்ளைக்கு, எந்த வயது வரை, உச்சவரம்பு எவ்வளவு, பள்ளிக்கு நேராகக் கட்டுவார்களா அல்லது நாம் கட்டிவிட்டு ரசீது காட்ட வேண்டுமா? பஸ் கட்டணம் அதில் அடங்குமா? சேர்ந்த பிறகு கேட்டால் "அது பாலிசியில் இல்லையே" என்பார்கள். சேர்வதற்கு முன் கேட்டால் சில நேரம் பாலிசி வளைந்து கொடுக்கும். சம்பளத்தில் 500 திர்ஹாம் கூட்டிக் கேட்கத் தயங்காத நம் பிள்ளைகள் இதைக் கேட்க மட்டும் ஏனோ கூச்சப்படுகிறார்கள்.

திரும்பி வரும் வழி

உண்மையான பணயம் இங்கேதான். வளைகுடாவில் இருப்பவர்களுக்கு அந்த நாடு சொந்த நாடாக ஆவது அபூர்வம். வேலை முடிந்தால், அல்லது பிள்ளை கல்லூரி வயதைத் தொட்டால், திரும்புகிற பயணம் உண்டு. அதனால் பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போதே கேட்க வேண்டிய கேள்வி: எந்த வகுப்பில் திரும்புவோம்?

அந்தப் பெண் ஒடுகத்தூரில் அரசுப் பள்ளி மாணவி என்று வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களுக்கு மருத்துவச் சேர்க்கையில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2020-ல் வந்தது. பொறியியல் போன்ற படிப்புகளுக்கு 2021-ல் விரிந்தது. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்களுக்குக் கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-ல் தொடங்கியது. இரண்டிலும் கணக்கு தொடங்குவது ஆறாம் வகுப்பில். நான்காவது, ஐந்தாவது துபாயில் படித்துவிட்டு ஆறாம் வகுப்புக்கு ஊர் அரசுப் பள்ளிக்குத் திரும்பினால் எதுவும் போகாது. ஏழாம் வகுப்பில் திரும்பினால் போய்விடும். இரண்டு வருஷ ஒப்பந்தத்தை மூன்றாக நீட்டலாமா என்று யோசிக்கும்போது இதை யாரும் நினைவுபடுத்த மாட்டார்கள்.

அடுத்தது நேட்டிவிட்டி. மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு விண்ணப்பிக்கும்போது, உயர் வகுப்புகளைத் தமிழ்நாட்டுக்கு வெளியே படித்தவர்கள் இருப்பிடச் சான்று தர வேண்டும். மருத்துவக் கவுன்சலிங்கில் பெற்றோரின் படிப்பு, குடும்ப அட்டை போன்ற ஆவணங்களும் கேட்பார்கள். அப்பா அம்மாவின் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டை ஊர் வீட்டு டிரங்குப் பெட்டியில் கரையானுக்கு விட்டுவிட்டு விமானம் ஏறக் கூடாது. ஸ்கேன் செய்து வையுங்கள்.

பன்னிரண்டாம் வகுப்பு வரை அங்கேயே படித்தால் வேறு வழிகள் உண்டு. நீட் தேர்வுக்கு 2021 முதல் குவைத், துபாயில் மையங்கள் வந்தன. பிறகு இன்னும் சில நகரங்கள் சேர்ந்தன. என்.ஐ.டி. போன்ற நிறுவனங்களுக்கு, 11, 12-ஆம் வகுப்புகளை வெளிநாட்டில் படித்தவர்களுக்கென 'டாசா' என்ற நேரடிச் சேர்க்கைத் திட்டம் இருக்கிறது; ஜே.இ.இ. மெயின் தரவரிசைதான் அடிப்படை, கட்டணம் டாலர் கணக்கில். பலருக்கும் தெரியாதது இதற்குள் இருக்கும் இன்னொரு பிரிவு: வளைகுடா நாடுகளில் வேலை பார்க்கும் இந்தியத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கான சி.ஐ.டபிள்யூ.ஜி. இதில் கல்விக் கட்டணம் இந்திய மாணவர்களுக்கு இணையாக. அண்ணா பல்கலைக்கழகத்திலும் வளைகுடா தொழிலாளர் பிள்ளைகளுக்கென ஒரு பிரிவு உண்டு. திருச்சி என்.ஐ.டி.யோ கிண்டியோ கனவாக இருக்கும் குடும்பத்துக்கு, பிள்ளையைப் பத்தாம் வகுப்போடு ஊருக்கு அனுப்புவதா, பன்னிரண்டு முடித்து அனுப்புவதா என்ற முடிவையே இது மாற்றிவிடலாம்.

இப்போது ஐ.பி. விஷயம். நீட் எழுத இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் வேண்டும். ஐ.பி. டிப்ளமாவின் வழக்கமான பாடத் தொகுப்பில் இரண்டு அறிவியல் பாடங்கள் எளிதாக அமையும். மூன்றாவதுக்குச் சிறப்பு அனுமதி வாங்க வேண்டும், பள்ளியும் ஒத்துழைக்க வேண்டும். ஏ லெவலிலும் மூன்று பாடம் என்றால் அந்த மூன்றும் எவை என்பதைப் பதினாறு வயதிலேயே சரியாகத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். மேலும், வெளிநாட்டு வாரியச் சான்றிதழ் இந்தியப் பன்னிரண்டாம் வகுப்புக்குச் சமம் என்று சமநிலைச் சான்று வாங்க வேண்டியிருக்கும். நெடுங்காலமாக இதை இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் வழங்கி வந்தது, 2025-ல் யு.ஜி.சி. இதற்கெனத் தனி விதிமுறை கொண்டுவந்தது. எந்த ஆண்டு முடிக்கிறீர்களோ அந்த ஆண்டின் விதியைப் பார்க்க வேண்டும். சி.பி.எஸ்.இ. மாணவருக்கு இந்தத் தொல்லையே கிடையாது.

சி.பி.எஸ்.இ.யிலும் ஒரு கண்ணி. பொதுத்தேர்வுக்கான பதிவு ஒன்பதிலும் பதினொன்றிலும் நடந்துவிடுவதால், நேராகப் பத்திலோ பன்னிரண்டிலோ பள்ளி மாற்றுவது எளிதல்ல. திரும்புவதாக இருந்தால் எட்டு முடித்து, அல்லது பத்து முடித்து. நடுவில் வேலை போனால் என்ன செய்வது என்று கேட்கலாம். பெற்றோர் இடமாற்றத்துக்கு விலக்கு உண்டு, ஆனால் காகிதத்தோடு அலைய வேண்டும்.

அமெரிக்காவில் பிறந்து அந்த நாட்டுக் குடியுரிமையும் ஓ.சி.ஐ. அட்டையும் வைத்திருக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு இன்னொரு தேதி முக்கியம்: 2021 மார்ச் 4. அன்று வெளிவந்த மத்திய அரசு அறிவிக்கையின்படி, நுழைவுத் தேர்வு வழிச் சேர்க்கைகளில் ஓ.சி.ஐ. அட்டைதாரர்கள் என்.ஆர்.ஐ. இடங்களுக்குத்தான் போட்டியிட முடியும். இந்தியக் குடிமக்களுக்கு மட்டுமான இடங்களுக்கு அல்ல. அதற்கு முன் அட்டை வாங்கியவர்களுக்கு 2023-ல் உச்ச நீதிமன்றம் பாதுகாப்பு அளித்தது. பின்னால் வாங்கியவர்களுக்கு அது இல்லை.

தமிழை எங்கே வைப்பது?

ஆயாவின் கவலை வேறு. "அங்க போனா பேத்தி என்கிட்ட இங்கிலீஷ்லயே பேசுவா. நான் என்னத்தப் பேசறது?"

இது வெறும் பாசப் பிரச்சினை இல்லை, சட்டப் பிரச்சினையும்கூட. 2006-ல் இயற்றப்பட்ட தமிழ் கற்றல் சட்டத்தின்படி தமிழ்நாட்டுப் பள்ளிகளில் தமிழ் கட்டாயப் பாடம். சி.பி.எஸ்.இ. போன்ற பிற வாரியப் பள்ளிகளுக்கு 2015-16-ல் முதல் வகுப்பிலிருந்து தொடங்கி ஆண்டுக்கு ஒரு வகுப்பாக நீட்டப்பட்டது. துபாயில் ஐந்து வருஷம் இந்தியோ பிரெஞ்சோ படித்துவிட்டு ஒன்பதாம் வகுப்பில் வேலூர் திரும்பும் பிள்ளை, வகுப்பில் மற்றவர்கள் செய்யுள் மனப்பாடம் செய்யும்போது எழுத்துக்கூட்டிக்கொண்டிருக்கும். கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கும் பிள்ளைக்குக்கூட அந்த அவமானம் பெரிது.

வளைகுடாவில் சில இந்தியப் பள்ளிகளில் தமிழ் இரண்டாம் அல்லது மூன்றாம் மொழியாகக் கிடைக்கிறது, எல்லாவற்றிலும் அல்ல. சேர்க்கைக்கு முன் கேட்கலாம். இல்லாவிட்டால் தமிழ்ச் சங்கங்களின் வார இறுதி வகுப்புகள் இருக்கின்றன. 2001-ல் தொடங்கிய தமிழ் இணையக் கல்விக் கழகம் அயலகத் தமிழர்களுக்கென்றே இணையவழிப் பாடங்களும் சான்றிதழ்த் தேர்வும் நடத்துகிறது. ஐ.பி. டிப்ளமாவில் தாய்மொழி இலக்கியத்தைப் பள்ளியின் துணையோடு தானே படித்துத் தேர்வெழுதும் ஏற்பாடும் உண்டு. ஆனால் எழுத்து மறக்காமல் இருக்க வாரத்துக்கு ஒரு பக்கம் ஆயாவுக்குக் கடிதம் எழுதச் சொன்னாலே பாதி வேலை முடிந்துவிடும். வாட்ஸ்அப்பில் போட்டோ எடுத்து அனுப்பினால் போதும்.

பள்ளியை எப்படி எடை போடுவது?

துபாயில் தனியார் பள்ளிகளை மேற்பார்வையிடும் அமைப்பு கே.எச்.டி.ஏ. அதன் ஆய்வாளர்கள் 2008 முதல் பள்ளிகளை ஆய்வு செய்து, 'மிகச் சிறப்பு' என்பதிலிருந்து 'மிகப் பலவீனம்' வரை ஆறு படிகளில் மதிப்பிட்டு அறிக்கையை வெளியிட்டு வந்திருக்கிறார்கள். கட்டணத்தை எவ்வளவு உயர்த்தலாம் என்பதற்கும் அதிகாரபூர்வ வரம்பு உண்டு. அந்த அறிக்கையில் மேலே இருக்கும் ஒற்றைச் சொல்லை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடக் கூடாது. எந்த ஆண்டின் அறிக்கை என்று முதலில் பாருங்கள். பிறகு உங்கள் பிள்ளை சேரப்போகும் வகுப்பு நிலைக்கு, ஆங்கிலத்துக்கும் கணக்குக்கும் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று தேடுங்கள். ஆசிரியர்கள் எத்தனை பேர் ஒரே ஆண்டில் விலகினார்கள் என்ற தகவல் அறிக்கையில் இருந்தால், அதுதான் தங்கம். பளபளப்பான நீச்சல் குளத்தைவிட அது பேசும்.

பஸ் நேரத்தையும் கேளுங்கள். ஷார்ஜாவில் குறைந்த வாடகைக்கு வீடு, துபாயில் நல்ல பள்ளி என்று முடிவெடுத்த குடும்பங்களில் பிள்ளை விடிவதற்கு முன் எழுந்து, நெரிசலில் உட்கார்ந்து, மதியம் துவண்டு வருவது சாதாரணம். ஒன்பது வயதுப் பிள்ளைக்குத் தினம் இரண்டு மணி நேரப் பஸ் பயணம் எந்தப் பாடத்திட்டத்தையும் கெடுத்துவிடும்.

அப்புறம் டி.சி. அமீரகப் பள்ளிகள் தமிழ்நாட்டுப் பள்ளியின் மாற்றுச் சான்றிதழைச் சும்மா ஏற்காது; கல்வித் துறையின் மேலொப்பம், வெளியுறவுத் துறைச் சான்று, தூதரகச் சான்று என்று படிகள் இருக்கின்றன. எமிஸ் பதிவில் பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட்டில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். இனிஷியல் விரிவாக்கத்தில்தான் நம்மூர்ப் பிள்ளைகள் மாட்டுகிறார்கள்: பள்ளியில் 'க', பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப் பெயர். திருத்துவதற்கு வாரக்கணக்கில் ஆகும்.

ஆயா சொன்ன வழி

பிள்ளையை ஊரில் விட்டுப்போவதையும் ஒரு தேர்வாகவே வைத்துப் பேசலாம். குற்ற உணர்ச்சியோடு பேச வேண்டியதில்லை. ஒப்பந்தம் இரண்டே ஆண்டு, பிள்ளை எட்டாவது முடிக்கப் போகிறாள், ஆயா திடமாக இருக்கிறார் என்றால் அது நல்ல முடிவாகவே இருக்கலாம். பீஞ்சமந்தை போன்ற மலைக் கிராமங்களில் மேல்படிப்புக்காகப் பிள்ளையைக் கீழே விடுதியில் விடுவது மலையாளிப் பழங்குடிக் குடும்பங்களுக்குப் புதிதல்ல. பிரிவின் விலை என்ன என்று அவர்களுக்குத் தெரியும். ஆனால் பிள்ளைக்கு எட்டு வயது, ஆயாவுக்கு எழுபது, ஒப்பந்தம் புதுப்பித்துக்கொண்டே போகும் வேலை என்றால், மிச்சமாகும் நாலு லட்சத்துக்கு யார் என்ன விலை கொடுக்கிறார்கள் என்று வீட்டில் உட்கார்ந்து பேச வேண்டும். பிள்ளையையும் வைத்துக்கொண்டு.

நம் கற்பனைக் குடும்பம் அநேகமாக சி.பி.எஸ்.இ. பள்ளிக்குத்தான் போகும். நான்காம் வகுப்புக்கு ஏப்ரலில் அங்கே வகுப்பு தொடங்கிவிடும். இங்கே முழு ஆண்டுத் தேர்வு முடிவதற்கும் அதற்கும் இடைவெளி அதிகம் இருக்காது. மே மாதம் பள்ளி அலுவலகத்தில் ஆள் இருப்பார்களோ மாட்டார்களோ. அதனால் டி.சி. விண்ணப்பத்தை மார்ச்சிலேயே கொடுத்துவிடுவது நல்லது. வேலூருக்குப் போகிற அன்றைக்கு வெள்ளிக்கிழமையாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சந்தை நாளில் பஸ்ஸில் இடம் கிடைக்காது.